தலை சாயாத நெல்லுக்கு விளக்கம் கோரல்

அனுப்புநர்:
சு. றாஹிலா (சுபியானின் மனைவி),
சம்மாந்துறை.

பெறுநர்:
நெல் ஆய்வு அலுவலர் அவர்கள்,
அம்பாறை மாவட்டம்.

விடயம்: கலப்பின விதை என்று தரப்பட்ட நெல் மணி பிடிக்காமை தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

1. வீரமுனைப் பக்கமாக உள்ள எங்கள் வயலுக்குத் தாங்கள் சென்ற வாரம் வந்திருந்தீர்கள். வரம்பில் நின்று திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டவள் நான்தான். தாங்கள் பொறுமையாகவே பதில் சொன்னீர்கள். ஆயினும் வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்கக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆகவே எழுத்தில் கேட்கிறேன்.

2. இந்தச் சிறுபோகத்தில் ஒரு தனியார் விதைக் கம்பனியின் முகவர் தந்த கலப்பின நெல்லை விதைத்தோம். பயிர் கரும்பச்சையாக எழும்பியது. வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கதிர் தள்ளும்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. கதிர் பாதி வெளியே, பாதி மடலுக்குள். மற்ற வயல்களில் கதிர் முற்றித் தலை சாய்ந்தபோது எங்களுடையது நெட்டுக்குத்தாக நின்றது. நசுக்கிப் பார்த்தால் பால் இல்லை; எல்லாம் உள்ளே மணியில்லாத சப்பி. பக்கத்து வயற்காரர் செல்லத்தம்பி அண்ணனின் வரம்பை ஒட்டிய ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மணி பிடித்திருந்தது. என் கணவர் பிழையான களைநாசினி அடித்துவிட்டார் என்று ஊரார் பழி சொன்னார்கள்.

3. தாங்கள் ஒரு பூவைப் பிளந்து, உள்ளே மகரந்தப் பை வெளுத்துச் சுருங்கிக் கிடப்பதைக் காட்டினீர்கள். நோயுமல்ல, மருந்தடித்த பிழையுமல்ல, இது ஆண் மலட்டு நெல் என்றீர்கள். கலப்பின விதை உண்டாக்குவதற்கென்றே வைத்திருக்கும் தாய் நெல் இது. அருகில் தந்தை நெல்லை நட்டு, அதன் மகரந்தம் விழுந்து பிடிக்கும் மணிதான் எங்களுக்கு வரவேண்டிய விதை. கம்பனியில் மூட்டை மாறியிருக்கிறது என்றீர்கள். இதுவரை விளங்கியது.

4. விளங்காதது அதன்பின் சொன்னது. இந்த மலட்டுத்தன்மை தாய்வழியாக வருகிறதாம். அதை நிவர்த்தி செய்யும் குணம் தந்தை நெல்லில் இருக்கிறதாம். ஆணின் குறை தாயிடமிருந்து எப்படி வரும் ஐயா? வயல் பார்க்க வந்திருந்த என் மாமி, என் கணவரைப் பெற்றவர், இதைக் கேட்டதும் அவரைப் பார்த்து, "நான் என்ன பாவம் செஞ்சன் மனே?" என்று அழத் தொடங்கினார். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

5. அன்று தொடக்கம் தேநீர்க் கடையில் அந்த நெல்லின் பெயரைச் சொல்லித்தான் என் கணவரைக் கூப்பிடுகிறார்கள். அவர் வயலுக்குப் போவதையே விட்டுவிட்டார். "அந்த வேளாண்மைக்கு நெருப்ப வெச்சிட்டு வா" என்றார். இத்தனை வருடமாக மலடு என்ற அதே சொல் என்மீது இருந்தது. கல்முனையில் வைத்தியர் எங்கள் இருவரையும் வரச் சொன்னார். நான் மட்டும் போய்வந்தேன். என்னில் குறையில்லை என்றார்கள். அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. இப்போது அவர் தலைகுனிந்து இருப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமும் இல்லை. என்ன நினைப்பதென்றே தெரியவில்லை.

6. முந்தாநாள் சுபஹ் தொழுதுவிட்டு வந்தவர், வாசலில் நின்றபடியே, "அந்த ஒபிசர் பூவப் பிரிச்சிப் பார்த்துத்தானே சொன்னார்? பார்க்காம எப்பிடித் தெரியும்? திங்கக்கிழம ஆசுபத்திரிக்குப் போவமா?" என்று கேட்டார். நான் ஓம் என்றேன்.

7. ஆகவே, விதை மாறியதே காரணம் என்று எழுத்தில் தந்து என் கணவர்மீதான பழியை நீக்குமாறும், கம்பனியிடம் விளக்கம் கேட்குமாறும் வேண்டுகிறேன். ஓரத்தில் பிடித்த மணியை விதைத்தால் அந்த நெல் விளையுமா, செல்லத்தம்பி அண்ணனின் நெல்லில் அந்த நிவர்த்திக் குணம் உண்டா என்பதையும் அறியத் தரவும். விவசாயிகள் கூட்டத்தில் இதை இன்னொரு தடவை விளக்கினால் பேருதவி. "ஆண் மலடு" என்பதற்கு வேறு சொல் இருந்தால் அங்கே அதையே சொல்லுங்கள் ஐயா.

வயலை மறுபடி பார்க்க விரும்பினால் எந்த நாளும் வரலாம். வரும் திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். அன்று நாங்கள் இருவரும் கல்முனையில் இருப்போம்.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
சு. றாஹிலா
(ஒப்பம்)

சம்மாந்துறை
2024.07.18