சானுவுக்க பிறந்தநாள் கவர்

பாறசாலை,
ஜூலை 9

எனக்க மக்களே லிஜா,

கர்த்தருக்க கிருபையால நானும் அப்பாவும் உயிரோட உண்டு, நீயும் மருமோனும் பிள்ளையும் அந்தக் குளிர் நாட்டுல தீனமில்லாம இருக்க காலையிலயும் அந்தியிலயும் ஜெபிக்கிறோம். இங்க மழை விடல்ல, ரப்பர் வெட்டு நின்னாச்சு, அப்பாவுக்குச் சுகர் கூடுதல். நைட் டூட்டி முடிஞ்சு வெறும் வயித்தோட படுக்காதே. இனி நான் சொல்லுகதை உட்கார்ந்து வாசி. போன்ல உனக்க சத்தம் கேட்டா எனக்கு நாக்கு எழும்பாது, அதுதான் எழுதுறேன்.

மாசத்து முதல் ஞாயிறு சபையில பிறந்தநாள்காரருக்கு ஸ்தோத்திரக் காணிக்கை உண்டில்லா, வருஷா வருஷம் உனக்க தம்பி சானுவுக்க பேரை காணிக்கைக் கவர்ல நான்தான் எழுதிப் போடுவேன். இந்தத் தடவையும் போட்டேன் மக்களே. செத்து பதினோரு மாசமான பிள்ளைக்கு. விட மனசு வரல்ல. பாஸ்டர் புதுசு, அவருக்குத் தெரியாது. சானு ராஜதாஸ், இருபத்தாறு வயசு, முன்னால வாங்கன்னு வாசிச்சாரு. சபையில எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. கடைசி பெஞ்சுல இருந்து பிஜு எழும்பினான். ஆமா, சானு செத்த அன்னைக்கு பைக் ஓட்டின அதே பிஜு. கம்பை ஊணி நொண்டி நொண்டி வந்து சானு நிக்க வேண்டிய இடத்துல முட்டிபோட்டான். அப்பா எழும்பி வெளியே போயிட்டாரு. பாஸ்டர் அவன் தலையில கை வச்சு, சானுவுக்கு தீர்க்காயுசு குடும் ஆண்டவரேன்னு ஜெபிச்சாரு. அவன் ஆமென் சொன்னான். வெளியே வந்து ஏண்டா இப்படிச் செய்தேன்னு கேட்டேன். எல்லாரும் உங்களையே பாத்தாங்க மாமி, வேற என்ன செய்யணும்னு தெரியல்லன்னு சொன்னான்.

அவன் முந்தியும் இப்படி என்னைக் காத்தவன் ஆக்கும். பிஜு ஊர் சுத்தக் கூட்டிட்டுப் போய் நம்ம பிள்ளையைக் கொன்னான்னு ஊரெல்லாம் சொல்லுது, நீயும் நாசமாப் போவான்னு சபிச்சே. அது பொய் மக்களே. அன்னைக்கு நம்ம வீட்டுல ஜெபக்கூட்டம், பழம் வாங்க அவனுவ ரெண்டு பேரையும் உதியன்குளங்கரைக்கு அனுப்பினது நான். மழை விட்டுட்டுப் போறோம் மாமின்னு பிஜு சொன்னான். மழையில உருகியா போவிய, ஆளு வருகதுக்கு முன்ன ஓடிட்டு வாங்கலேன்னு விரட்டினேன். லாரியில முட்டிட்டான்னு சேதி வந்ததும் மாரடிச்சு அழுது, பிஜுதான் கூட்டிட்டுப் போனான்னு சொன்னேன், பொறவு திருத்தல்ல. அவன் யாருட்டயும் ஒரு சொல் சொல்லல்ல.

திங்களாழ்ச்ச அப்பாகிட்ட சொல்லிட்டேன். மூணு நாளாச்சு, எனக்க முகத்தைப் பாக்கல்ல, நான் விளம்பின சோறும் தொடல்ல. வாற ஞாயிறு திருவிருந்து, அதுக்கு முன்ன சபையில எழும்பி நின்னு சொல்லப்போறேன். எல்லாத்தையும் விட்டா சமாதானம் வரும்னு பிரசங்கத்துல கேட்டிருக்கேன். எனக்கு வரல்ல. பயமாக்கும் இருக்கு. இவ்வளவு நாளும் பிஜுவுக்க மேல உள்ள வெறுப்பைப் பிடிச்சுட்டுத்தான் எழும்பி நடந்தேன், இப்ப கை வெறுங்கை. அதைத்தான் ஆண்டவருக்கு முன்னால நீட்டணும்.

கர்த்தர் உன்னையும் உனக்க பிள்ளையையும் காக்கட்டும். என்னைச் சீக்கிரம் மன்னிச்சிடாதே, உனக்க கோவம் தீரட்டும். பிஜுவுக்க நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கு, என்னைக் கூப்பிடுகதுக்கு முன்ன அவனைக் கூப்பிடு.

சானுவை மழையில அனுப்பின உனக்க அம்மா,
சரோஜம்