எரியாத ஊசி

டிசம்பர் 29, சோப்பூர்

ஊசி போட்டாயிற்று. போன முறை இடது தொடை, இந்த முறை வலது. மாற்றி மாற்றிப் போட வேண்டும், காய்ச்சல் இருந்தால் போடவே கூடாது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி நேரம் சும்மா வெளியே வைக்க வேண்டும் — டாக்டர் உல்ஃபத் சொன்னது எல்லாம் செய்கிறேன். ஆனால் சில்லை கலான் என்னும் இந்த நாற்பது நாள் கடுங்குளிரில் வெளியே வைத்தால் என்ன, உள்ளே வைத்தால் என்ன? வீடே ஃப்ரிட்ஜ். ஜில்லென்று இறங்கிய மருந்து தீயாய் எரிந்தது. தொடை தடித்துச் சிவந்துவிட்டது.

எரியட்டும். இந்த மருந்து வந்த பிறகுதான் விரல் மூட்டுகள் மடங்குகின்றன. மார்ச்சில் பள்ளி திறக்கும்போது சாக்பீஸ் பிடிக்க முடியாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான்.

ஜனவரி 12

எரியவே இல்லை! இவருடைய தங்கை தஸ்லீமாவின் வேலை. காலையிலிருந்து ஊசியைத் தன் ஃபெரன் அங்கிக்குள், காங்கிரிச் சட்டியின் கனலோடு சேர்த்து அணைத்து வைத்திருந்தாளாம்.

"கதகதன்னு பதமா இருக்கு அண்ணி, போட்டுக்குங்க."

சிவப்புகூட இல்லை. இவள் டாக்டராகியிருக்க வேண்டியவள்.

ஜனவரி 26

ஊசி. எரியவில்லை.

பிப்ரவரி 4

விடிந்தால் விரல்கள் விறகாய்க் கிடக்கின்றன. கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தித் தேநீர் குடித்தேன். இவர் பார்க்காத மாதிரி இருந்தார். மறுபடியும் முதலிலிருந்தா? அழக்கூடச் சலிப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 13

ஸ்ரீநகர் போய்வந்தோம். டாக்டர் என் கைகளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த மருந்து உங்களுக்கு ஒத்துவரல போலிருக்கு. நிறுத்திடலாம்" என்றார்.

எனக்குக் கண் இருட்டியது. துணைக்கு வந்த தஸ்லீமாவுக்கோ கோபம். "எப்படி டாக்டர் ஒத்துவராம போகும்? இப்பல்லாம் எரியறதே இல்லையே! நான்தான் காங்கிரில வச்சு வச்சுக் குடுக்கறேன்!"

டாக்டரின் எழுதும் கை நின்றது. "எவ்வளவு நேரம்மா?"

"காலைலேருந்து மத்தியானம் வரைக்கும்."

"கனல் பக்கத்துல வச்சா அந்த மருந்து செத்துப்போயிடும்மா. அதுல ஒண்ணுமே மிஞ்சியிருக்காது." பிறகு என்னிடம், "நிறுத்த வேண்டாம். ஒழுங்கா மறுபடி போட்டுப் பாப்போம்."

எனக்கு உயிர் வந்தது. கூடவே ஆத்திரமும். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை, என்ன செய்ய?

பிப்ரவரி 14

புது ஊசி. கதவுக்கு வெளியிலிருந்து குரல். "எரியுதா அண்ணி?"

"எரியுதுடி."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான் எழுந்து போகவில்லை.

மார்ச் 19

ஒரு மாதமாகத் தஸ்லீமா என் பக்கத்தில்கூட உட்காருவதில்லை. காங்கிரியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். இன்று கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, தலை வாரிப் பின்னிவிட்டேன். மூன்று பிரியும் என் விரல்களுக்கு அடங்கின.

"ஐயோ, வலிக்குது அண்ணி, மெதுவா!"

"வலிக்கட்டும்" என்று இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.