அக்காவின் விளக்கு

அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். எங்கள் ஆய்வகத்தில் முழங்கால் வலிக்கு வைக்கிற சிவப்பு விளக்கில், பாதிப் பேருக்குக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் வரும். அது செல்களுக்குச் சக்தி கூட்டுகிறதா என்று பார்க்கிறோம். மீதிப் பேருக்கு எரிவது சும்மா சிவப்பு பல்பு. யாருக்கு எது என்று எனக்கும் தெரியக்கூடாது.

நேற்று நீ, "காலுக்கு சார்ஜ் ஏறிடுச்சுடி, கம்பியப் பிடிக்காம ரெண்டு மாடி ஏறிட்டேன்" என்றாய். உன் வாய் சும்மா இருந்திருந்தால் என் கையும் சும்மா இருந்திருக்கும். நீ போனதும் உன் விளக்கைக் கைபேசிக் கேமராவில் பார்த்தேன். அகச்சிவப்பு இருந்தால் அதில் ஊதாவாகத் தெரியும்.

ஊதா தெரியவில்லை.

சொன்னால் மறுபடி வலி வந்துவிடுமோ என்று இருப்புக்கொள்ளவில்லை. ஆய்வு முடியும்வரை இந்தக் கடிதம் என் மேசைக்குள் இருக்கும்.

இப்போது போனில் இதை மட்டும் சொல்வேன்: நாளை ஒன்பது மணிக்கு வந்துவிடு. லிஃப்ட் வேண்டாம், படியிலேயே வா.

உன் தங்கை