நான் போட்டுக்கொள்ளாத ஊசி

நவம்பர் 12, புதன்.

அடுத்த வீட்டுப் பிலோமினாவுக்கு இளைப்பு. மழைக்காலம் வந்தால் மூச்சு வாங்கும். ஃப்ளூ தடுப்பூசிக்கு அவளைச் சம்மதிக்க வைக்கும்படி நர்ஸ் செல்வி என்னைக் கேட்டிருந்தாள். காலையில் போய் அரை மணி நேரம் தெளிவாக விளக்கினேன். பிலோமினா திராட்சைக் கூடையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அதெல்லாம் சரி டீச்சர். நீங்க போட்டீகளா?"

"போட்டுக்கொண்டேன்" என்றேன். பொய் சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைத்தவள் நான். ஊசி என்றால் எனக்கே பயம், இன்னும் போடவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா? இம்புட்டு நேரம் பாடம் நடத்துறீக!" என்று சிரித்தாள். உடனே சுகாதார நிலையத்துக்குக் கிளம்பிவிட்டாள். நானும் போனேன். அங்கே செல்வியிடம் பிலோமினா கேட்டாள்.

"டீச்சருக்கு எந்தக் கையில போட்ட தாயி? எனக்கும் அதுலயே போடு."

செல்வி என்னைப் பார்த்தாள். "இடது கை" என்றேன். அவள் பிலோமினாவின் இடது கையைத் துடைத்துவிட்டு ஊசியை எடுத்தாள்.

சாயங்காலம் பிலோமினா வாசலில் வந்து நின்றாள். "லேசா மேலு காயுது. ஒங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

லேசான காய்ச்சல் வரலாம், ஒரு நாளில் சரியாகிவிடும் என்று செல்வி சொன்னதைச் சொன்னேன். அது அவளுக்குப் போதவில்லை. "எனக்கும் அப்படித்தான்" என்றேன். நிம்மதியாகப் போனாள்.

நாளை நானும் போட்டுக்கொள்வேன். அவளிடம் உண்மையையும் சொல்லிவிடுவேன். ஊசிக்குப் பிறகு சொன்னால் எனக்கு எளிது. முன்பே சொல்வதுதான் முறை. அவள் ஆறு மணிக்கே தோட்டத்துக்குப் போய்விடுவாள். ஐந்தரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.