ஆயுள் சந்தா

13 நவம்பர், திங்கள்
ஊருக்குப் புதுச்சேரின்னு பேர் மாத்தின வருஷம். கடல் உள்ளே வந்து இது ரெண்டாவது மழைக்காலம். காலையிலிருந்து தூறல்.

நான் சொல்றேன், செலின் கம்ப்யூட்டர்ல அடிக்கிறா. எனக்கு எழுத்து தெரியாது. செலின் என் வீட்டுக்காரி, சர்க்கார் ஆபீஸ்ல தமிழ் டைப்பிஸ்ட், ரிடையர்டு. பேனா பிடிச்சா அவளுக்குக் கை நடுங்குது. கீயில வெச்சா நடுக்கம் போன இடம் தெரியல. பழைய டைப்ரைட்டர் மாதிரியே கீ உள்ள தமிழ் சாப்ட்வேர். முப்பது நாள் ஓசி. திறந்ததும் ஒரு கட்டம் வந்து நிக்குது: இன்னும் ஐந்து நாள்.

வேலை: மாதா கோயில் மரணச் சபையில ஆயுள் சந்தா கட்டினவங்க பட்டியல், போனவங்க இருக்கறவங்க எல்லாரும். சபை நோட்டு கடல் தண்ணியில போச்சு. வீடு வீடா சந்தா வசூலிச்சவன் நான். பேரெல்லாம் மனசுலதான். புதுச் செயலர் சொல்லிட்டார்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள டைப் அடிச்சுக் குடுங்க பெரியவரே. பட்டியல்ல இல்லன்னா சவப்பெட்டி, வண்டி, மணி எதுவும் கிடையாது."

14, செவ்வாய்
மழை விட்டது. கடையில சாப்ட்வேர் விசாரிச்சோம். வருஷச் சந்தா கட்டினா அப்டேட் தானா வருமாம். நிறுத்தினா நின்னுடும். ஒரேயடியா சிடி வாங்கினா நம்முது, ஆனா அப்டேட்டுக்குத் தனிக் காசு.

"ஆயுள் சந்தா இல்லீங்களா?"

"யாரு ஆயுள் ஐயா? உங்களுதா, கம்ப்யூட்டரோடதா?"

செலின் வாயில முந்தானை. வீடு வரைக்கும் சிரிப்பு.

"சபைன்னா செத்தா தூக்கிட்டுப் போவும். இவன் என்னா பண்ணுவான்?"ன்னேன்.

"கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் போவான்."

வாங்கல. ஒரு பட்டியலுக்காக எதுக்கு.

15, புதன்
கரண்ட் இல்ல. ஒரு நாள் வீண். நெத்திலிக் குழம்பு. அவளுக்கு முட்டி வலி, தைலம் தேச்சு விட்டேன்.

16, வியாழன்
கட்டம்: இன்னும் இரண்டு நாள்.
சேர்ந்த வரிசையில சொன்னேன். சவரிமுத்து, குருசுக்குப்பம், கட்டுமரம். அந்தோணி, மில்லு. தையக்கார மரியதாஸ். சந்தா கட்டின மறுமாசமே படுத்துட்டார். "கட்டினத எடுத்துட்டேன் பாரு"ன்னு சிரிச்சார், பாவம். இப்படிப் பத்துப் பேர். பத்தும் போய்ச் சேர்ந்தாச்சு.

"உங்க பேரு எங்க?"ன்னா.

"எனக்கு வருஷச் சந்தாதான். நான் வேலை பாத்த மில்ல மூடின வருஷம் நின்னுபோச்சு."

"ஊர்ல எல்லார்கிட்டயும் வாங்கத் தெரிஞ்சுது. சொந்தமா கட்டத் தெரியல."

அப்புறம் காபி வந்தது, சக்கரை தூக்கலா.

17, வெள்ளி
கடைசி நாள். நல்ல மழை. பிரிண்டர்ல பேப்பர் வெச்சாச்சு. பதினொண்ணாவது பேர் பாக்கி.
எங்களுக்குக் கல்யாணமான வருஷம். கையில இருந்தது ஒரு ஆளு ஆயுள் சந்தாவுக்குத்தான் காணும். யோசிக்கவே இல்ல, கட்டிட்டேன். வீட்ல சொல்லல. புதுப் பொண்ணுகிட்ட சாவப் பத்தி எப்படிப் பேசறது?
இந்தப் பதினொண்ணுல உசுரோட இருக்கறது இந்த ஒரு ஆளுதான். ஏம்மே, ஏன் நிறுத்திட்டே? அடி. பதினொண்ணு, செலின்.