வில்லனுக்கு உங்கள் சட்டை

அன்புள்ள அப்பா,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவின் இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன். இந்த வாரம்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

படத்தின் முதல் காட்சியில் வரும் வில்லனை வரைந்து கொடுப்பது என் வேலை என்று சொன்னேனே. தழும்பு, மொட்டைத் தலை, பூனைக்கண் என்று வரைந்த எல்லாவற்றையும் டைரக்டர் ஒதுக்கிவிட்டார். "இவனைப் பார்த்தா சிரிப்புதான் வருதும்மா. நாளைக்கும் இப்படின்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்றார்.

ஒன்றும் தோன்றாமல் உங்களை வரைந்து வைத்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கட்டம் போட்ட சட்டை, படிய வாரிய தலை, சட்டை நுனியில் துடைத்து மாட்டிய கண்ணாடி. அந்த வில்லன் கொலையை முடித்துவிட்டு வாசலில் நின்று, கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கும் பெண்ணுக்குக் கேட்கும்படி "வரட்டுமா?" என்பான். அம்மா "சரி" சொல்லும்வரை நீங்கள் படியிறங்க மாட்டீர்களே, அப்படி அவனும் பதில் வரும்வரை நிற்பான்.

டைரக்டர் படத்தைக் கையிலெடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பிறகு, "யம்மா, உடம்பெல்லாம் சிலிர்க்குது. இவன்தான்!" என்றார். என் வேலை தப்பியது.

உங்கள் பழைய கட்டம் போட்ட சட்டை ஒன்றை அனுப்புங்கள். நடிகருக்கு மாதிரி காட்டத்தான். துவைக்காவிட்டாலும் பரவாயில்லை. அறையைப் பூட்டும்போது நானும் "வரட்டுமா?" என்று கேட்டுப் பார்க்கிறேன். இங்கே "சரி" சொல்ல ஆளில்லை.

கீழே வண்டி வந்து ஹாரன் அடிக்கிறார்கள். அப்பா, வரட்டுமா?