பல் முளைக்காத இடம்

கோவளம்
12-8-1953

அன்பு மிகுந்த ஹமீது அண்ணனுக்கு, தங்கை ஷாஜாதி ஸலாம் சொல்லி எழுதுவது. அங்கே உங்கள் உடம்பும் கடை வேலையும் நன்றாக இருக்க அம்மாவும் நானும் துஆ செய்கிறோம்.

வலது தாடை வீங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தேனே, அது பல்வலி இல்லையாம். மதராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். கடைவாய்ப் பல் ஒன்று முளைக்காமல் எலும்புக்குள்ளேயே தங்கிவிட்டது. அந்த இடத்தில், பல்லை உண்டாக்கும் சதையே கட்டியாக வளர்கிறதாம். அபூர்வமாக யாருக்கோ வருவது எனக்கு வந்திருக்கிறது. பேர் அடமான்டினோமா. அம்மா காதில் அது அடமானம் என்று விழுந்து, எதை வைக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டாள். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது புத்துநோய் இல்லம்மா. ஆனா தானா நிக்கவும் நிக்காது" என்றார் டாக்டர். எலும்போடு சேர்த்து அந்தப் பக்கத்துத் தாடையை வெட்டி எடுத்தால் திரும்ப வராதாம். கன்னம் உள்ளே போய்விடும், வாய் கோணும். நான் சரி என்று சொல்லிவிட்டேன். அத்தா இல்லாத வீட்டில் உங்கள் சம்மதம் வேண்டும் என்கிறாள் அம்மா. ரஜப் மாதம் செங்கல்பட்டு சைக்கிள் கடை சௌகத் அலியோடு நிக்காஹ் பேசியிருக்கிறோம். அவர்களிடம் இப்போதே சொல்லிவிடலாம். வேண்டாம் என்றால் போகட்டும். பயமாகத்தான் இருக்கிறது. சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை
ஷாஜாதி

பினாங்கு
2-9-1953

என் கண்ணான தங்கை ஷாஜாதிக்கு, அண்ணன் ஹமீது எழுதுவது.

உன் கடிதம் கண்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனாலும் நிதானமாக யோசி. தாடையை வெட்டிக்கொண்ட பெண்ணை யார் கட்டுவார்கள்? உன் முகத்தைப் பார்த்துத்தான் அவர்கள் சம்மதித்தார்கள். இங்கே ஒரு பல் டாக்டரிடம் விசாரித்தேன். வாய்க்குள்ளிருந்தே கட்டியைச் சுரண்டி எடுக்கலாமாம், வெளியே தழும்புகூடத் தெரியாதாம். அதையே செய்யச் சொல். அம்மாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

செங்கல்பட்டுக்காரர்கள் கேட்டால் பல் பிடுங்கியதாகச் சொல்லிக்கொள்ளுங்கள். உனக்கு ஒரு பட்டுத்துணி அனுப்பியிருக்கிறேன். மாம்பழ நிறம், உனக்கு எடுப்பாக இருக்கும்.

அன்பு அண்ணன்
ஹமீது

செங்கல்பட்டு
20-6-1954

அன்புள்ள அண்ணனுக்கு, ஷாஜாதி ஸலாம்.

கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லையே என்ற குறை எல்லோருக்கும் உண்டு. நீங்கள் அனுப்பிய துணியைத்தான் அன்று கட்டினேன்.

இவர் தங்கமான மனுஷர். போன வாரம் மாபலிபுரம் அழைத்துப் போனார். கடற்கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோம். "இன்னா, ஒரு பக்கமாவே மெல்றே?" என்று கேட்டார். சின்ன வயசுப் பழக்கம் என்று சொல்லிவிட்டேன். அவரும் நம்பிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு என்னவோ போல் இருந்தது.

சுரண்டி எடுத்தபோதே டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். துளி மிச்சம் இருந்தாலும் மறுபடி வளரும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து எக்ஸ்ரே எடுத்துக்கொள் என்று. இவரிடம் சொல்லாமல் எப்படி மதராஸ் போவேன்? சொல்லிவிடட்டுமா, அண்ணா? நீங்கள் சரி என்று ஒரு வரி எழுதினால் போதும். அம்மா வாயைத் திறக்கக்கூடாது என்கிறாள்.

உங்கள் தங்கை
ஷாஜாதி

பினாங்கு
15-7-1954

அன்புத் தங்கைக்கு,

நல்லபடியாகப் போகிற குடித்தனத்தில் நீயே மண்ணைப் போட்டுக்கொள்ளாதே. வலி இல்லை, வீக்கம் இல்லை, பிறகு என்ன எக்ஸ்ரே? ஒரு பிள்ளை பிறக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம். மாப்பிள்ளைக்கு என் ஸலாம்.

ஹமீது

கோவளம்
9-2-1958

அண்ணனுக்கு,

கொஞ்ச காலமாக நான் எழுதவில்லை. அது திரும்ப வந்துவிட்டது. முன்பு எலுமிச்சம்பழம் அளவு இருந்தது. இப்போது வலது கண்ணுக்குக் கீழே தொடங்கிக் கழுத்து வரை தொங்குகிறது. வாயை மூட முடியவில்லை. கஞ்சி குடித்தால் பாதி வெளியே வருகிறது. ஊர்ப் பிள்ளைகள் என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள்.

இவர்தான் மதராஸுக்கு அழைத்துப் போனார். அதே டாக்டர். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "அப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, ஏம்மா வரல?" என்று இவர் முன்னாலேயே கேட்டார். முன்பு சுரண்டி எடுத்த கதை முழுவதையும் இவரிடம் டாக்டரே சொன்னார்.

திரும்பும்போது, ரயில் தாம்பரம் தாண்டியதும் இவர் சொன்னார்.

"மூஞ்சி எப்டி ஆனா எனக்கு இன்னா? அன்னிக்கே சொல்லியிருந்தா நானே இட்டுகினு போயி வெட்டிகினு வந்திருப்பேன். அப்பவும் கட்டியிருப்பேன். ஒரே வூட்ல இருந்துகினு என்னை எவனோன்னு நெனச்சிட்டியே."

மறுநாள் கோவளத்தில் அம்மாவிடம் கொண்டுவந்து விட்டார். திட்டவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டார்.

ஷாஜாதி

பினாங்கு
1-3-1958

என் தங்கைக்கு,

அழுதுகொண்டே எழுதுகிறேன். எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், யாரை நோவது? உனக்கு நல்ல வாழ்க்கை அமைய வேண்டும் என்றுதானே நான் பாடுபட்டேன். அந்த நாலு வருஷமாவது நீ சந்தோஷமாக இருந்தாயே.

ஆபரேஷனுக்கு அவசரப்படாதே. நோன்பு கழிந்து கப்பல் ஏறி வருகிறேன். மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன். அதுவரை பொறுத்துக்கொள். உடனே பதில் போடு.

உன் அண்ணன்
ஹமீது

மதராஸ், ஆஸ்பத்திரி
23-3-1958

அண்ணனுக்கு,

நாளை காலை ஆபரேஷன். நீங்கள் வரும்வரை அது பொறுக்காது. இரவில் மூச்சு அடைக்கிறது. முகவாய்க்கட்டையிலிருந்து காது வரை எடுத்துவிடுவார்கள். மேலேயும் பரவியிருப்பதால் முழுதும் எடுக்க முடியுமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. பிழைத்தாலும் என் பேச்சு யாருக்கும் விளங்காதாம்.

நாலு வருஷம் சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதியிருந்தீர்கள். தினமும் விடிந்ததும் இவர் எழுவதற்கு முன்னால் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் சந்தோஷம்.

இவருக்கு இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நாளைக்குப் பிறகு பசிக்கிறது என்றாலும் வலிக்கிறது என்றாலும் நான் எழுதித்தான் காட்ட வேண்டும், அவளால் படிக்க முடியாது. நான் எழுதுவதைப் படிக்க நம் வீட்டில் மிஞ்சுவது நீங்கள் ஒருவர்தான்.

ஆனாலும் உங்களுக்கு இனி எழுத மாட்டேன், அண்ணா. நீங்களும் எழுத வேண்டாம்.

ஷாஜாதி